விதைக்கு விட்ட செடி

தவக்காலம் 3-ஆம் ஞாயிறு, 23 மார்ச் 2025



பங்கு இல்லத்துச் சமையலறை ஜன்னலில் வியாழக்கிழமையிலிருந்து ஒரு டம்ளர் உட்கார்ந்திருக்கிறது. வாயில் மெல்லிய துணி கட்டி, உள்ளே தக்காளிச் சாறும் விதையும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து தண்ணீர் குடிக்க வந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "ஃபாதர், ரசம் ஊசிப்போச்சு" என்றான் ஒருவன். ஊசவில்லையப்பா, ஊறுகிறது என்றேன். அவன் நம்பவில்லை. மூன்று மாதத்துக்கு முன் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த டம்ளரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

கூலி வேலைக்குப் போன காலத்திலிருந்து விதை சேர்த்து வைத்திருக்கும் ஆயா ஒருவரை உங்களுக்குத் தெரியும். பேர் சொன்னால் அடுத்த வாரம் பூசைக்கு வரமாட்டேன் என்று மிரட்டியிருப்பதால் ஆயா என்றே சொல்கிறேன். போன அக்டோபரில் அவர் பன்னிரண்டு நாட்டுத் தக்காளி நாற்று கொண்டுவந்து கொடுத்தார். அப்போஸ்தலர் கணக்கு, நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டு இல்லத்தின் பின்புறம் நட்டேன். நவம்பர் கடைசியில் முழங்கால் உயரம். மஞ்சள் பூ எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

நவம்பர் 30 இரவு என்ன நடந்தது என்று பிள்ளைச்சாவடியில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில்தான் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. படகையும் வலையையும் மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, கடல் எதுவரை வருமோ என்று விடிய விடிய விழித்திருந்தீர்கள். ஒவ்வொரு வருடமும் கடல் கரையைக் கடித்துக்கொண்டே இருக்கிற ஊரில் தக்காளிச் செடியைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம்? நானும் ஒரு வாரம் கழித்துத்தான் பின்புறம் போய்ப் பார்த்தேன்.

அடியிலை பழுத்திருந்தது. இலைமேல் பழுப்புப் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டமாக, அம்பு எய்கிற பலகையில் போட்ட கோடு போல. இதுதான் முன்கருகல். மண்ணிலும் பழைய சருகிலும் ஒளிந்திருக்கும் பூஞ்சணம் மழைத்துளியோடு தெறித்து அடியிலையில் ஒட்டும். அங்கிருந்து படியேறுவது போல மேலே ஏறும். நான்கு செடிகளுக்கு வேறு வியாதி. இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிட்டது. ஆயா ஒரு தண்டை அரிந்து, தெளிந்த தண்ணீர் இருந்த டம்ளரில் பிடித்தார். வெட்டிய வாயிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஏதோ இறங்கியது. "வாடல், சாமி" என்றார். அது பாக்டீரியா. வேர் வழியாக ஏறித் தண்ணீர்ப் பாதையையே அடைத்துவிடும்.

கிறிஸ்துமஸ் குடில் கட்டும் நேரத்தில் பதினோரு செடி போய்விட்டது. ஒன்று மட்டும் நின்றது. அதிலும் பாதி இலை இல்லை. ஆனால் பொங்கலுக்குப் பிறகு காய்த்தது. சின்னப் பழம், மேலே பச்சைத் தோள், பக்கவாட்டில் வரி. கடையில் வைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பிப்ரவரியில் ஓர் அன்பியக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "பலவீனமானது போச்சு, பலமுள்ளது நின்னுச்சு, விசுவாசமும் அப்படித்தான்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் ஆட்டவில்லை. மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு அவர் தாழ்வாரத்தில் நின்றார். அவருடைய மகன் குடியில் போனவன். முப்பது வயது ஆகவில்லை. இதை அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ என் புள்ள அந்தப் பதினொண்ணுல ஒண்ணா சாமி? பிடுங்கிப் போட்டாரா ஆண்டவரு?"

எனக்குப் பதில் வரவில்லை. குருமடத்தில் இத்தனை வருடம் படித்தவனுக்கு ஒரு தாயின் ஒற்றைக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை.

பதில் ஆயாவிடமிருந்து வந்தது, அதுவும் பதில் மாதிரியே இல்லை. அந்த ஒற்றைச் செடியைக் காட்டி, இதை விதைக்கு விடலாமா என்று அவரைக் கேட்டேன். அவர் செடியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "சாமி, இது கெணத்து மேட்டுல நிக்குது. மத்தது பூரா பள்ளத்துல இருந்துச்சு. ரெண்டு நாள் தண்ணி நின்னுதே, பாத்தீங்களா? பள்ளத்துல யாரு நட்டது?"

நான்தான் நட்டேன்.

அன்புக்குரியவர்களே, கருகிப்போன செடியைப் பார்த்தால் நமக்கு உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. அது நின்ற இடம் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு பையன் குடித்து அழிந்தான் என்றால், வீட்டில் வளர்ப்பு சரியில்லை, பூசைக்கு வரவில்லை, மனசில் உறுதி இல்லை என்று வரிசையாகச் சொல்கிறோம். பக்கத்து மாநிலத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடிக்கிற அளவுக்கு மலிவாகச் சாராயம் கிடைக்கிற ஊரில் அவன் வளர்ந்தான். அந்தப் பள்ளத்தை வெட்டியது யார்? அவன் தள்ளாடி நடந்தபோது நாம் ஒவ்வொருவரும் எங்கே நின்றோம்? அவன் போய்ப் பேச ஒரு ஆள், உட்கார ஒரு திண்ணை இந்தப் பங்கில் இருந்ததா? நான் இங்கே வந்த பிறகு அவனை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

இன்றைய நற்செய்தியை இந்தக் காதோடு திரும்பக் கேளுங்கள். ஆலயத்தில் பலி செலுத்தப்போன கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்று ஆண்டவரிடம் வந்து சொல்கிறார்கள். அவர்கள் மனசில் ஒரு கணக்கு இருக்கிறது: இப்படிச் செத்தார்கள் என்றால் ஏதோ பெரிய பாவம் செய்திருப்பார்கள். இயேசு அந்தக் கணக்கை ஒரே சொல்லில் அடிக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததையும் அவரே எடுத்துவைத்து, அவர்கள் மற்ற எவரையும்விடக் குற்றவாளிகள் அல்லர் என்கிறார். செத்தவர்களைப் பற்றி நம்மைத் தீர்ப்புச் சொல்லவிடவில்லை. உயிரோடு இருக்கிற நம்மைத்தான் மனம் திரும்பச் சொல்கிறார். அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். தாமதமாகச் சொல்கிறேன் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். இல்லை. ஆண்டவர் பிடுங்கிப் போடவில்லை.

அந்தப் பழைய கணக்கு அதோடு செத்துவிடவில்லை. 1845-இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. தக்காளிக்கும் உருளைக்கும் பொதுவான பின்கருகல் நோய் அது. குளிரும் ஈரமும் அதற்குப் பிடிக்கும், அதனால் நம் கடற்கரையில் அவ்வளவாகத் தலைகாட்டாது. மலைப் பக்கத்து உருளை விவசாயிகளுக்கு அதை நன்றாகத் தெரியும். ஏழைகள் அங்கே பெரும்பாலும் ஒரே இரகத்தைத்தான் பயிரிட்டிருந்தார்கள், வேறு உணவும் அவர்களுக்கு இல்லை. சில வருடங்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். ஜெபமாலையை விடாத ஜனம் அது. வயிறு நிறைந்த சில பெரிய மனிதர்கள் அப்போது அதைக் கடவுளின் தண்டனை என்றார்கள். தானியம் அந்த நாட்டிலிருந்து கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. கோபுரம் விழுகிற ஒவ்வொரு காலத்திலும் இப்படிப் பேச யாராவது இருப்பார்கள். போன பிப்ரவரியில் அந்த ஆள் நான்.

முதல் வாசகத்தில் மோசே ஆடு மேய்த்துக்கொண்டு ஓரேபு மலைக்கு வருகிறார். அங்கே ஒரு முட்செடி எரிகிறது, ஆனால் கருகவில்லை. தக்காளி வைத்தவனுக்கு அந்த இடத்தில் கண் நிற்காமல் போகாது! எரிந்தும் கருகாத செடி. ஏன் கருகவில்லை? அது உயர்ந்த ஜாதி மரமா? தேக்கா, சந்தனமா? வெறும் முள்ளு. அதற்குள் ஆண்டவர் இருந்தார், அவ்வளவுதான். அந்த முள்ளுக்குள்ளிருந்து அவர் மோசேயிடம் பேசியதைக் கவனியுங்கள். என் மக்களின் துன்பத்தைப் பார்த்தேன், கதறலைக் கேட்டேன், விடுவிக்க இறங்கி வந்திருக்கிறேன் என்ற பொருளில் பேசுகிறார். மேட்டில் நின்றுகொண்டு ஏறி வா என்று கூப்பிடுகிற கடவுள் இல்லை இவர். தண்ணீர் தேங்கின பள்ளத்துக்குக் காலை வைத்து இறங்குகிறவர்.

அப்படியானால் நின்ற செடிக்குப் பெருமையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை அதன் கையில் இல்லை.

கருகலைத் தாங்குகிற தன்மை தக்காளிக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? தென் அமெரிக்காவில், பெரு நாட்டுப் பக்கம், களைபோல முளைத்துக் கிடக்கிற ஒரு காட்டுத் தக்காளி உண்டு. பழம் நம் மணத்தக்காளியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சந்தைக்கு உதவாது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கேலக்லி என்ற பேராசிரியர், பின்கருகல் வந்து எல்லாம் செத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த மாதிரிக் காட்டு உறவுகளைத் தேடித்தான் போனார். 1950-களில் தொடங்கின வேலை. வருடா வருடம் நோயை வேண்டுமென்றே தோட்டத்துக்குள் விட்டு, எது நிற்கிறது என்று பார்த்து, நின்றதிலிருந்து விதை எடுத்தார். 1963-இல் அந்த மாநிலத்தின் நூற்றாண்டின்போது அப்படி உருவாக்கிய இரகத்தை வெளியிட்டார். ஒட்டு இரகமில்லை, யாரும் வீட்டில் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாங்குசக்தி என்பது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் இல்லை. முதலில் கண்டுபிடித்த ஒரு தாங்குசக்தியை நோய் சீக்கிரமே தாண்டிவிட்டது, ஏனென்றால் நோயும் மாறிக்கொண்டே வரும். நிற்கிறோம் என்று நினைக்கிறவர் விழாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை இன்று இரண்டாம் வாசகத்தில் கேட்டீர்கள். நின்ற செடியிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

விதை காக்கிறவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே ஏறினால் ஆரோவில். அங்கே 'பெபிள் கார்டன்' என்று ஒரு தோட்டம், பேரிலேயே கூழாங்கல். மேல்மண் முழுக்க மழையில் அடித்துப்போன செம்மண் பூமி. தீபிகா குந்தாஜியும் பெர்னார்டும் 1994-இலிருந்து அந்த இடத்து மரங்களின் சருகை வைத்தே மண்ணை மறுபடி உண்டாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். மண்ணே இல்லாத இடத்தில் விதை வங்கி. கடவுளுக்கு இந்த மாதிரி வேடிக்கை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்‌ஷக்' தக்காளி, இலைச்சுருள், வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும். நல்ல இரகம். விவசாயம் பண்ணுகிறவர்கள் போடுங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வீரிய ஒட்டு. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு முகமாக முளைக்கும். ஒன்று தாங்கும், ஒன்று சாகும். ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். நாட்டுத் தக்காளி அப்படியில்லை. பூ தனக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துகொள்ளும், தாயைப் போலவே பிள்ளை. திண்டிவனம், விழுப்புரம் என்று எங்கே கட்டிக் கொடுத்தாலும், நம் வீட்டுப் பெண்கள் மாலையில் ஜெபமாலை எடுக்கும்போது ஆயாவின் குரலிலேயே தொடங்குகிறார்களே, அந்த மாதிரி. உங்கள் வீட்டில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா? கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன், பதில் உங்களுக்குத் தெரியும்.

விதைக்கு விடுவது என்று ஆயா சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் பழத்தைப் பறிக்கக்கூடாது. நல்ல கொத்தில் ஒரு பழத்துக்கு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். எல்லாப் பழத்தையும் பறித்துச் சாப்பிட்ட பிறகும் அது செடியிலேயே கனிந்து, தோல் தளர்ந்து தொங்கும். சாம்பாருக்கு ஆகாது. பார்க்கிறவர்கள், இதை ஏன் பறிக்காமல் வீணாக்குகிறீர்கள் என்பார்கள். வியாழக்கிழமை அதைப் பிழிந்தோம். விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு கூழ் இருக்கும். அது இருக்கும்வரை விதை முளைக்காது. அதைத் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. தன் சாற்றிலேயே இரண்டு மூன்று நாள் புளிக்க வேண்டும். நுரை கட்டும். நாறும். அப்போதுதான் கூழ் கரையும், மேலே ஒட்டியிருந்த நோய்க்கிருமியும் கொஞ்சம் சாகும். பிறகு அலசினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

அன்பார்ந்தவர்களே, தவக்காலம் மூன்றாம் ஞாயிறு வந்துவிட்டது. நம்மில் சிலர் இன்னும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, பழைய விஷயம், கிளறினால் நாறும் என்று நினைக்கிறோம். நாறும்தான். நாறட்டும். துணி கட்டிய டம்ளருக்குள் நடப்பதை ஆயா அருவருப்பாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை துணியை விலக்கி எட்டிப் பார்க்கிறார், அடுப்பில் பொங்கலைப் பார்ப்பது மாதிரி. ஆண்டவர் உங்களை அப்படித்தான் பார்க்கிறார். குருவானவர் என்ன நினைப்பாரோ என்று பயப்படாதீர்கள். ஸ்கூட்டரில் போன கதையை நானே சொல்லிவிட்டேனே.

காய்ந்த விதையை ஆயா சாம்பலில் புரட்டி வைப்பார். பூச்சி அண்டாது. விறகடுப்புச் சாம்பல்தான். இந்த மாதம் 5-ஆம் தேதி உங்கள் நெற்றியில் நான் பூசினதும் சாம்பல்தான். அன்று அது சாவை நினைவூட்டியது என்று மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். விதையைக் காப்பாற்றுகிற பொருளும் அதுவே என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

இன்றைய நற்செய்தியின் கடைசியில் வரும் அத்திமரத்தின் கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர் மூன்று வருடமாக வந்து பார்க்கிறார், காய் இல்லை. வெட்டு என்கிறார். தோட்டக்காரர் என்ன செய்கிறார்? மரத்துக்காக வாதாடவில்லை. நல்ல மரம் என்று பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருடம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். தப்பை மரத்தின் மேல் போடாமல் தன் மண்வெட்டியை எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். ஒரு வருடம் கழித்து அந்த மரம் காய்த்ததா? நற்செய்தியில் இல்லை. லூக்கா அந்த இடத்தில் கதையை விட்டுவிட்டார். அந்த ஒரு வருடத்துக்குள்தான் நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். யூபிலி ஆண்டு என்று திரு அவை 2025-க்குப் பேர் வைத்ததும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

ஆயாவும் மூன்று என்ற எண்ணில்தான் நிற்கிறார். "ஒத்தச் செடிய நம்பாதீங்க சாமி. மேட்டுல நின்னதால பொழச்சுதா, தெம்புல பொழச்சுதான்னு மூணு பட்டம் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்." அதனால் இந்த விதையில் பாதியை மேட்டிலும் பாதியைப் பள்ளத்திலும், போன வருடம் தக்காளி நிற்காத இடமாகப் பார்த்துப் போடப் போகிறோம். ஆனால் இந்தத் தடவை பள்ளத்தில் முதலில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, பாத்திக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, அதற்குப் பிறகுதான் நாற்று. அடியிலையில் மண் தெறிக்காமல் வைக்கோல் பரப்ப வேண்டும். போன வருடம் தக்காளி இருந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி எதுவும் போடக்கூடாதாம், எல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய். அந்த இடத்தில் காராமணி. வேலைக்கு ஆள் வேண்டும். சனிக்கிழமை காலை இளைஞர் இயக்கத்தார் மண்வெட்டியோடு வந்தால் நல்லது. கஞ்சி உண்டு. கூடவே இன்னொன்று. அன்று சாயங்காலத்திலிருந்து பங்கு இல்லத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போடப்படும். குடியை விட முடியாமல் தவிக்கிறவர்கள், அவர்கள் வீட்டில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து உட்காரலாம். நான் இருப்பேன். தன் மகனைப் பற்றிக் கேட்ட அந்த அம்மாவும் இருப்பார், அவரே கேட்டுக்கொண்டார்.

விதை இன்று மாலை அலசப்படும். நிழலில் காய ஒரு வாரமாவது ஆகும், அதற்கு மேல் சாம்பல். உயிர்ப்பு ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் பத்து விதை, காகிதத்தில் மடித்து, ஆயா கையால் கொடுப்பார். வாங்கிய விதையை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள், ஆடி கழிந்து மழைக்கு முன் நாற்று விடலாம். செடி வளர்ந்து ஏதாவது ஒன்றில் இலை கருகினால், ஆயா உடனே பிடுங்கி எரிக்கத்தான் சொல்வார், நியாயம்தான், மற்றதுக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் பிடுங்குவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அது எங்கே நிற்கிறது என்று வந்து பார்க்கிறேன்.